எண்ணெயும் நுண்ணுயிரும்

(ஆடித் திங்களில் நம் சங்கத்தார் நடத்திய கலிய நாயனார் குருபூசையின்போது ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் குருபூசை செய்து வழிபடும் கலிய நாயனார், இத்திருவொற்றியூரிலே சக்கரப்பாடித் தெருவில், எண்ணெய் வாணிபக் குலத்தில் தோன்றியவர் என்பது சேக்கிழார் பெருமான் வாக்கால் நாம் அறிந்ததே. செல்வராயிருந்தபோது திருக்கோயிலின் உள்ளும் புறமும் விளக்கேற்றினார். செல்வம் தேய்ந்தபின் பிறருடைய எண்ணெயை விற்றுக் கொடுத்து, வந்த கூலியால் ஏற்றினார். அதுவும் அற்றபின் செக்காட்டிக் கூலி பெற்று ஏற்றினார். ஒன்றும் இயலாத நாளில் தம் குருதியையே எண்ணெயாக வார்க்கத் துணிந்தார். நம் முன்னோர்க்கு எண்ணெய் என்றால் விளக்கு. விளக்கு என்றால் தொண்டு. இதனை ஆண்டுதோறும் இம்மேடையிற் கேட்டு வருகின்றோம். இவ்வாண்டு யாம் வேறோர் எண்ணெயைப் பற்றியும், அதனை உண்ணும் ஒரு சிற்றுயிரைப் பற்றியும், அவ்வுயிரோடு வாழ்நாள் கழித்த ஓர் அறிஞரைப் பற்றியும் பேசப் புகுந்தோம். தமிழாசிரியருக்கு இது தகுமோ என்று நினையாதீர்கள். காரணம் உண்டு.

2017-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28-ஆம் நாள் விடியற்காலையில் எண்ணூர்க்கு அப்பால் கடலில் இரண்டு கப்பல்கள் மோதின. கப்பலின் எரியெண்ணெய் கடலிற் கலந்து, எர்ணாவூர்க் கரையில் தார்போலத் திரண்டு ஒதுங்கிற்று. உறிஞ்சு பொறிகள் அதன் கட்டிமையால் திணறின. மீனவரும் மாணவரும் தொண்டரும் வாளியும் குவளையும் கொண்டு வாரினார்கள். ஆறாண்டு கழித்து, 2023 திசம்பரில் மிக்சாம் புயல் மழையின்போது, மணலித் தொழிற்பேட்டைப் பக்கத்தினின்று பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் இறங்கிக் கொசத்தலையாற்றின் கழிமுகத்தை மூடிற்று. படகும் வலையும் கறுத்தன, இறால் அற்றது, கூழைக்கடாப் பறவைகள் சிறகொட்டி நின்றன. அப்போதும் வாளியும் குவளையுமே கைக்கு வந்தன. மீன்பிடித்தல் நம் குலத்தொழிலன்று. ஆயினும் நெட்டுக்குப்பமும் தாழங்குப்பமும் நம் அயல். அவர்கள் அடுப்பெரியாத நாளில் நம் கடைகளிலும் பேரேட்டில் கடனே ஏறும் என்பதை இங்குள்ள வணிகர் அறிவர்.

இவ்வாண்டு தேர்வு முடிவு வெளிவந்த கிழமையில் நம் மரபினர் ஒருவர், மளிகைக் கடை வைத்திருப்பவர், எம் இல்லம் போந்தார். அவர் மகளார் எம்மிடம் தமிழ் பயின்றவர். அப்பெண் நுண்ணுயிரியல் படிப்பேன் என்று உறுதியாக நிற்கின்றாள். எண்ணெய் படிந்த கழிமுகத்தை அவள் பள்ளிப் பருவத்திற் கண்டவள். உறவினரோ, கணினி படித்தால் நாளைக்கே சம்பளம். கண்ணுக்குத் தெரியாத கிருமியைப் படித்து என்ன செய்வது என்கின்றனர். "ஐயா, இப்படிப்பு சோறு போடுமா? நீங்கள் சொன்னால் கேட்பேன்" என்றார் தந்தை. யாம் அன்று விடை கூறவில்லை. அறியாததை அறிந்ததுபோற் கூறுவது ஆசிரியர்க்கு அழகன்று. அவரை வணங்கி அனுப்பிவிட்டு, கிடைத்த நூல்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். அவருக்குரிய விடையையே இன்று இவ்வவையில் கூறுகின்றோம்.

வங்காளத்தில் வீர்பூம் மாவட்டத்தில், மயூராட்சி ஆற்றங்கரையில், சைந்தியா என்பது ஓர் ஊர். அங்கே 1938-ஆம் ஆண்டு ஏப்பிரல் 4-ஆம் நாள் பிறந்தவர் ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. அவர் நம் குலத்தாரல்லர், நம் மொழியினருமல்லர். அறிவுக்குக் குலமும் மொழியும் வேலியல்ல ஆதலின் அவரை இங்கே எடுத்துக்கொண்டோம். தம் ஊர்ப் பள்ளியிற் படித்து, பேலூரில் இராமகிருஷ்ண மடத்தார் கல்லூரியிலும் கல்கத்தாத் தூய சவேரியார் கல்லூரியிலும் பயின்று, 1965-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவில் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் இர்வின் கன்சாலஸ் என்னும் பேராசிரியரிடம் சேர்ந்தார். அங்கே அவர் கையிற் கிடைத்த பொருள் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா. மண்ணிலும் நீரிலும் எங்கும் வாழ்வது, கண்டதையெல்லாம் உண்பது.

இங்கே சிறிது நின்று, அவர் கண்டது யாதெனப் பார்ப்போம். ஓர் உயிர் எவ்வாறு பிறந்து, எதனை உண்டு, எவ்வாறு பெருக வேண்டும் என்பதெல்லாம் அவ்வுயிரினுள்ளே ஒரு நீண்ட சுவடியில் எழுதப்பட்டிருக்கின்றது எனக் கொள்க. அச்சுவடியின் ஒவ்வோர் ஏடும் ஒரு ஜீன். பாக்டீரியாவில் இப்பெருஞ்சுவடியோடு சேராமல், கயிற்றிற் கோக்கப்படாத தனி ஓலைகள் சில உண்டு. அவற்றுக்குப் பிளாஸ்மிட் என்று பெயர். ஓர் உயிர் தன் தனி ஓலையைப் படியெடுத்து அயலுயிர்க்குக் கொடுத்துவிடும். அயலுயிர் அன்று முதல் அத்தொழிலைக் கற்றதாகிவிடும். பக்கத்து வீட்டார் கைமருந்துக் குறிப்பைப் பெயர்த்தெழுதிக் கொள்வது போலாம் இது.

சூடோமோனாசின் எண்ணெய் உண்ணும் வித்தை இத்தகைய தனி ஓலைகளில் இருந்தது என்பதைச் சக்கரவர்த்தியும் உடனுழைத்தோரும் கண்டனர். ஓர் ஓலையுடையது கற்பூரத்தை உண்ணும். மற்றொன்று ஆக்டேன் என்னும் பெட்ரோல் கூறினை உண்ணும். வேறொன்று சாலிசிலேட்டையும், இன்னுமொன்று துணிப்பெட்டியில் இடும் பாச்சை உருண்டையின் பொருளாகிய நாப்தலீனையும் உண்ணும். கச்சா எண்ணெயோ ஒரு பொருளன்று. பற்பல பொருள்களின் கூட்டு. ஒன்றை உண்பது மற்றொன்றை விட்டுவிடும். ஆதலின், இவ்வோலைகள் அனைத்தையும் ஓருயிர்க்குள் சேர்த்தால் என்ன என்று அவர் எண்ணினார்.

1971-இல் அவர் நியூயார்க் மாநிலத்துச் ஸ்கெனெக்டடி நகரில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்திற் சேர்ந்தார். அங்கே இவ்வெண்ணம் வினையாயிற்று. ஆயின் ஓர் இடையூறு நேர்ந்தது. கற்பூர ஓலையும் ஆக்டேன் ஓலையும் ஓருயிர்க்குள் ஒன்றாக நில்லா; ஒன்று நுழைந்தால் மற்றொன்று வெளியேறும். அவர் புறஊதா ஒளியைப் பாய்ச்சி, இரண்டும் இணைந்து ஒரே ஓலையாகும்படி செய்தார். பிறகு ஏனையவற்றையும் சேர்த்தார். எண்ணெயின் பல கூறுகளையும் ஒருங்கே உண்ணும் பாக்டீரியா ஒன்று பிறந்தது. இதிலே கத்தரித்து ஒட்டும் வேலை மிகுதியில்லை. இன்ன உயிர்க்கு இன்ன வித்தை எங்கிருந்து வருகின்றது எனப் பொறுமையோடு அறிந்து, உள்ளதை உள்ளதோடு கூட்டியதே அவர் செய்கை.

1972 சூன் மாதத்தில் அவ்வுயிர்க்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் கொடுக்கப்பட்டது. அலுவலர், செய்முறைக்கு உரிமை தரலாம்; உயிருள்ள பொருளுக்குத் தருவதற்கில்லை என்றனர். வழக்கு எட்டாண்டு நடந்தது. 1980 சூன் 16-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சக்கரவர்த்திக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ஒன்பதின்மருள் ஐவர் ஒருபுறம்; நால்வர் மறுபுறம். உயிருடையதா உயிரற்றதா என்பது வினாவன்று. இயற்கையின் படைப்பா மனிதன் ஆக்கமா என்பதே வினா என்பது ஐவர் கொள்கை. இத்தகைய பெரிய மாற்றத்தை நீதிமன்றம் செய்தல் தகாது, சட்டமன்றமே செய்ய வேண்டும் என்பது நால்வர் கொள்கை. 1981 மார்ச்சு 31-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. உயிர்த்தொழில்நுட்பம் என்னும் வாணிபம் உலகெங்கும் பெருகுதற்கு இத்தீர்ப்பு ஒரு வாயிலாயிற்று. நம் நாட்டிலும், தாவரமும் விலங்கும் காப்புரிமைக்கு உரியனவல்ல என்று விலக்கிய சட்டம், 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நுண்ணுயிரை அவ்விலக்கினின்று நீக்கி நிறுத்திற்று. உயிரை ஒருவன் உடைமையாக்கலாமோ என்று உங்கள் உள்ளத்தில் எழும் ஐயம் எம் உள்ளத்திலும் உண்டு. அந்நால்வரும் ஐயுற்றவரே என்பது மட்டும் சொல்லி மேற்செல்வோம்.

இனி, முதன்மையான செய்திக்கு வருகின்றோம். எண்ணெய் தின்னும் பாக்டீரியா என்று உலகெங்கும் பேர் பெற்ற அவ்வுயிர், கடலிற் சிந்திய எண்ணெயைத் துடைக்க ஒருநாளும் விடப்படவில்லை! ஆக்கிய உயிரைத் திறந்த வெளியில் விட்டால் யாது விளையுமோ என்று மக்களும் அரசுகளும் அஞ்சினர். அஃதன்றியும் ஒரு காரணம் உண்டு. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவையில் வாழ்வது வேறு. அலையும் உப்பும் பகையுயிரும் நிறைந்த கடலில் வாழ்வது வேறு. எள்ளை மட்டும் செக்கிலிட்டால் எண்ணெய் பிரியாது. பதம் பார்த்து நீரும் கருப்பட்டியும் சேர்க்க வேண்டும் என்பதை நம் வீட்டுப் பெரியோர் அறிவர். அதுபோல, எண்ணெய் எவ்வளவு கிடந்தாலும், காற்றும் நைட்ரஜனும் பாஸ்பரசும் உடன் கிட்டாவிடில் நுண்ணுயிர் அதனை உண்டு பெருக மாட்டாது.

இவ்வுண்மை பின்னர் நன்கு பயன்பட்டது. 1989 மார்ச்சு மாதம் அலாஸ்காவில் எக்சான் வால்டீசு என்னும் கப்பல் பாறையில் மோதி எண்ணெய் கொட்டியபோது, அறிஞர்கள் புதிய உயிரைக் கொண்டுவரவில்லை. அக்கரையிலேயே வாழ்ந்த நுண்ணுயிர்களுக்கு உரமிட்டனர். அவை பெருகி எண்ணெயை உண்டன. நம் நாட்டிலும் டெல்லியிலுள்ள டெரி ஆய்வு நிறுவனத்தார், இயற்கையிற் கிடைத்த பாக்டீரியாக்களைக் கூட்டாக வளர்த்து, எண்ணெய்க் கசடு தேங்கிய நிலங்களைத் திருத்தப் பயன்படுத்தி வருகின்றனர். 2017-இல் எர்ணாவூர்க் கரையில் வாளியால் வாரியெடுத்த சேற்றையும் துறைமுகத்து வளாகத்தில் இட்டு நுண்ணுயிரைக் கொண்டே பதப்படுத்தினர். ஆகவே, சிற்றுயிரின் தொண்டு நம் ஊருக்கு முன்பே வந்துவிட்டது, நாம் அறிந்திலோம்.

தம் பேரைப் பெருக்கிய உயிர் குடுவையிலேயே நின்றுவிட்டதற்காகச் சக்கரவர்த்தி சோர்ந்தாரல்லர். 1979-இல் கம்பெனியை விட்டுச் சிகாகோ நகரில் இல்லினாய்ப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஆசிரியரானார். நச்சுக் கழிவு கொட்டிய இடங்களின் மண்ணை எடுத்து, அந்நஞ்சோடு பழகிய உயிர்களைக் கூட்டி வளர்த்து, வியட்நாம் போரிலே காடழிக்கத் தெளித்த மருந்தின் ஒரு கூறான, எளிதில் அழியாத களைக்கொல்லியையும் உண்ணும் பாக்டீரியாவைப் பெற்றார். கெட்ட மண்ணிலேயே அக்கேட்டிற்கு மாற்றும் இருக்கக்கூடும் என்பது இதனாற் புலப்பட்டது. அதன்பின் அதே சூடோமோனாசின் வேறொரு வகை நோயாளர் நுரையீரலில் வழுவழுப்பான கவசத்தை எவ்வாறு போர்த்துக்கொள்கின்றது, எந்த ஜீன் அதனைத் தூண்டுகின்றது என ஆராய்ந்தார். முதுமையில், அப்பாக்டீரியா வெளிவிடும் அசுரின் என்னும் புரதம் புற்றுநோய் உயிரணுவிற் புகுந்து அதனை அழிவுக்குத் தூண்டுவதைக் கண்டு, 2002-இல் உடனுழைத்தோருடன் வெளியிட்டார். அப்புரதத்தின் ஒரு சிறு துண்டை, புற்றுநோய் முற்றிய 15 பேருக்குக் கொடுத்துப் பார்த்த முதற்கட்ட ஆய்வு 2013-இல் வெளிவந்தது. அஃது இன்னும் மருந்துக் கடைக்கு வந்திலது. 2007-இல் நம் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 2020 சூலை 10-ஆம் நாள், 82-ஆம் அகவையில், அமெரிக்காவிலேயே மறைந்தார்.

ஏறக்குறைய ஐம்பதாண்டு அவர் கேட்ட வினா ஒன்றே: இவ்வேடு என்ன வினை செய்கின்றது? இளமையில் அதனை எண்ணெயிடம் கேட்டார். நடுவயதில் நஞ்சிடமும் நோயிடமும் கேட்டார். முதுமையில் புற்றிடம் கேட்டார். இன்று அவ்வினாவே ஒரு தனித்துறையாய் வளர்ந்துவிட்டது. 1995-இல் முதன்முதலாக ஒரு பாக்டீரியாவின் சுவடி முழுவதும் எழுத்தெழுத்தாகப் படிக்கப்பட்டது. 1998-இல் காசநோய்க் கிருமியின் சுவடி படிக்கப்பட்டது. அதில் சுமார் 44 இலட்சம் எழுத்துகள். 2002-இல் எண்ணெய் உண்ணும் சூடோமோனாஸ் புடிடாவின் சுவடியும் படிக்கப்பட்டது. அதில் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகள்.

ஆயின் எழுத்துக் கூட்டிப் படிப்பது வேறு. பொருள் உணர்வது வேறு. இதனை எம் போன்ற பண்டிதர்க்கு யாரும் கற்பிக்க வேண்டா. ஏட்டுச்சுவடியில் எழுத்தெல்லாம் தெரியும். ஒரு சொல்லுக்கு மட்டும் பொருள் தெரியாது பல திங்கள் திகைப்போம். நுண்ணுயிரின் சுவடியிலும் பொருள் விளங்காத ஏடுகள் இன்னும் பல. அறிஞர்கள் ஓர் ஏட்டை நீக்கிவிட்டு, அவ்வுயிர் எத்தொழிலை இழக்கின்றது எனப் பார்க்கின்றனர். அல்லது, எண்ணெய் ஊட்டிய பொழுதில் எந்த ஏடுகள் திறக்கப்படுகின்றன எனப் பார்க்கின்றனர். 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது, ஆழ்கடல் நீரை எடுத்து, அதிலுள்ள உயிர்களின் ஏடுகளை ஒட்டுமொத்தமாகப் படித்தே, குளிர்ந்த இருட்கடலில் எண்ணெய் உண்ணும் உயிர்கள் பெருகியதைக் கண்டனர். எழுத்தை வைத்து வினையைக் காணும் இதுவே அத்துறை.

இப்போது மளிகைக் கடை அன்பருக்கு எம் விடை. இப்படிப்பு சோறு போடும். ஆனால் விரைவிற் போடாது. இளங்கலையோடு நின்றால் சிறு சம்பளமே. முதுகலையும் அதன்மேல் ஐந்தாறு ஆண்டு ஆராய்ச்சியும் வேண்டும். அவ்வாண்டுகளில் உடன்படித்தோர் வீடு வாங்குவர். உங்கள் மகள் குடுவை கழுவிக்கொண்டிருப்பாள். கண்டுபிடித்தது குடுவையிலேயே நிற்கவும் கூடும். பேர்பெற்ற சக்கரவர்த்திக்கே அப்படி நேர்ந்தது. இவற்றை மறைத்து உங்களை ஊக்குதல் வஞ்சனையாகும். ஆயினும் அவள் கடல்கடந்து போகவேண்டுவதில்லை. தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்தில் நுண்ணுயிரியலும் மரபியலும் கற்பிக்கின்றனர். சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு நிறுவனம் 1956 முதல் நடைபெறுகின்றது. இரண்டும் நம் ஊரிலிருந்து பேருந்தேறிச் சென்று மாலையில் வீடு திரும்பும் தொலைவே.

அவள் கற்பதால் நமக்கு யாது பயன் எனின், கூறுவோம். கழிமுகத்துச் சேற்றில் எந்த உயிர் வாழ்கின்றது, எண்ணெய் வந்தால் அதற்கு எது குறைகின்றது, எதனை எவ்வளவு சேர்த்தால் அது விரைந்து உண்ணும் என்பவற்றை அலாஸ்காக் கரையைக் கண்டவர் நமக்குச் சொல்ல மாட்டார். சேறு வேறு, வெப்பம் வேறு, உப்பு வேறு. அச்சேற்றில் கால் வைத்தவர் பிள்ளைகளுள் ஒருவர் கற்றுவந்து சொல்ல வேண்டும். சேதம் இவ்வளவு என்று பிறர் எழுதிய அறிக்கையைப் படித்து, ஆம் என்றோ அன்று என்றோ உரைக்கவும் அத்தகையவர் ஒருவர் நம்மிடை வேண்டும். எண்ணெய் சிந்துதலைத் தடுத்தல் ஆலையார் கடன். காத்தல் அரசின் கடன். நுண்ணுயிர் உண்டென்பதால் அவர்கள் கடன் தீர்ந்துவிடாது. அதனை எடுத்துச் சொல்லவும் கற்றவர் வாயே வேண்டும்.

இறுதியாக நம் சங்கத்தாரை ஒன்று கேட்கின்றோம். நம் கல்வி நிதியின் விதிப்படி, உதவித்தொகை பொறியியலுக்கும் மருத்துவத்துக்குமே உண்டு. அவ்விதி எழுதிய பெரியோர் அன்றைய நிலைக்கு ஏற்ப நன்றே எழுதினர். வருகின்ற ஆவணியில் பொதுக்குழு கூடும்பொழுது, அடிப்படை அறிவியல் படிப்போர்க்கும் அவ்வுதவி உரித்து என ஒரு வரி சேர்க்குமாறு வேண்டுகின்றோம். முதலாண்டோடு நிறுத்தாமல், முதுகலை முடியுமளவும் கொடுக்குமாறும் வேண்டுகின்றோம். இத்துறையிற் பயன் மெல்ல வரும். உதவியும் இடையில் அறாது நிற்றல் வேண்டும்.

கலிய நாயனார் விளக்கை ஒருநாள் ஏற்றிப் பேர்பெற்றவரல்லர். எண்ணெய் அற்ற நாளிலும் திரி அணையக்கூடாது என்று நின்றவர். அவர் மரபில் வந்தோம் என்கின்றோம். அப்பெண் இத்திங்களே கல்லூரியிற் சேர்ந்துவிட்டாள். தந்தையார் கடையை நம்பிப் பணம் கட்டியிருக்கின்றார். அடுத்த ஆண்டுப் பணத்தை அவர் தனியே கட்டுவாரா, நாமும் உடன் நிற்போமா என்பது ஆவணிக் கூட்டத்தில் உங்கள் கையில் உள்ளது.